ஒரு பக்கம் மட்டும் குடிக்கும் கைக்குழந்தை: சிக்கல் எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது

இடது பக்கம் வைத்தால் மடமடவென்று குடிக்கிறது. வலது பக்கம் மாற்றினால் முதுகை வளைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிடுகிறது. உடனே வீட்டில் தீர்ப்பு வந்துவிடும்: "அந்தப் பக்கம் பால் இல்லம்மா, விட்டுடு." பிரசவத்துக்காக ஊரிலிருந்து மும்பை வந்திருக்கும் அம்மாவும் அதைத்தான் சொல்வார், காலையில் மாலிஷ் பண்ண (எண்ணெய் தேய்த்து உருவ) வரும் வேலைக்காரப் பெண்ணான "பாய்" என்பவரும் அதைத்தான் சொல்வார். பிறந்த முதல் சில வாரங்களில் இந்தத் தீர்ப்பு பல நேரம் தப்பாகவே இருக்கிறது. மார்பைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பக்கம் குடிக்கும்போது குழந்தையின் உடம்பில் எந்தப் பக்கம் கீழே போகிறது?

கீழே எழுதியிருப்பது இந்த வரிசையில்தான் போகிறது. முதலில் வயிறு நிறைகிறதா என்று பார்க்கிறோம். பிறகு சிக்கல் குழந்தையின் உடம்பிலா, மார்பிலா என்று பிரிக்கிறோம். அதன்பின் உங்கள் குழந்தையிடம் தெரியும் அறிகுறிக்கான பகுதிக்குப் போகலாம்.

எதையும் மாற்றும் முன்: பால் போதுகிறதா?

ஒரு மார்பில் மட்டும் குடித்தே குழந்தை நன்றாக வளர முடியும். இரட்டைக் குழந்தைகளை ஆளுக்கொரு மார்பு கொடுத்து வளர்க்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அதனால் ஒரு பக்கம் மறுக்கிறது என்பது மட்டுமே அவசரம் இல்லை. அவசரமா இல்லையா என்பதை டயப்பரும் தராசும் சொல்லும்.

முதல் நாள் ஒரு முறையாவது, இரண்டாம் நாள் இரண்டு முறையாவது, மூன்றாம் நாள் மூன்று முறையாவது சிறுநீர் போக வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் 6 முறைக்குக் குறையக் கூடாது. கறுப்பு மலம் நான்காம் ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக மாறி, ஒரு நாளில் 3 முறையாவது போக வேண்டும். பால் கொடுப்பது இரவு பகல் சேர்த்து 8 முதல் 12 முறை. முதல் சில நாளில் எடை குறைவது இயல்புதான். பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் இயல்பல்ல. 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, அதன்பின் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஒரே தராசில், துணியில்லாமல் நிறுத்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். மாநகராட்சி ஹெல்த் போஸ்ட்டில் ஒரு நாள், தெருமுனை மெடிக்கலில் மறுநாள் என்று நிறுத்தால் 50 கிராம் வித்தியாசத்துக்கு வீணாகக் கவலைப்பட வேண்டிவரும்.

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்: எழுப்பினாலும் எழாமல் தூங்குவது, இரண்டு பக்கமும் குடிக்க மறுப்பது, உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொடுவது, உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள் ஏறியிருப்பது, நான்காம் நாளுக்குப் பிறகும் டயப்பரில் செங்கல் நிறக் கறை படிவது, ஒரு கை அசையாமல் தொங்குவது. பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சே கிடையாது.

பிரித்துப் பார்க்கும் சோதனை

மடியில் போட்டு வலது மார்பில் கொடுக்கும்போது குழந்தையின் இடது பக்கம் கீழே இருக்கும். இடது மார்பில் கொடுக்கும்போது வலது பக்கம் கீழே இருக்கும். ஆக, மார்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டு விஷயங்கள் ஒரே சமயத்தில் மாறுகின்றன: மார்பும் மாறுகிறது, குழந்தை படுக்கும் பக்கமும் மாறுகிறது. குழந்தை எதை மறுக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இரண்டையும் தனித்தனியே மாற்றிப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஃபுட்பால் ஹோல்டு போதும். நர்ஸுகள் சொல்லும் பெயர் இது. குழந்தையின் உடம்பு உங்கள் அக்குளுக்குக் கீழே இடுப்போரமாகவும், கால்கள் உங்கள் முதுகுப் பக்கமாகவும் இருக்கும். இந்தப் பிடியில் எல்லாம் தலைகீழ்: வலது மார்பில் குடிக்கும்போது குழந்தையின் வலது பக்கம்தான் கீழே இருக்கும்.

குழந்தை இடது மார்பை விரும்புகிறது, வலதை மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. அழுகை வருவதற்கு முன், கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சப்பும் நேரத்தில், இடது மார்பில் மடியில் போட்டு இரண்டு மூன்று நிமிடம் குடிக்க விடுங்கள்.
2. சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடிப்பை விடுவியுங்கள்.
3. குழந்தையைத் திருப்பாமல், படுத்திருக்கும் அதே சாய்வில், வலது மார்புக்கு நகர்த்துங்கள். உடம்பு தானாக வலது அக்குளுக்குக் கீழே போய்விடும்.
4. இப்போது குடித்தால் வலது மார்பில் குறை எதுவும் இல்லை. இடது பக்கமாகப் படுப்பதுதான் குழந்தைக்குப் பிடிக்கவில்லை.
5. உறுதி செய்ய, அடுத்த வேளை அதற்குப் பிரியமான இடது மார்பையே ஃபுட்பால் ஹோல்டில் கொடுங்கள். அங்கேயும் அழுதால் சந்தேகமே வேண்டாம்.

ஒரு வேளையில் முடிவுக்கு வர வேண்டாம். ஒரே நாளில் மூன்று நான்கு வேளை பார்த்தால் தெளிவாகிவிடும். எந்தப் பிடியிலும் வலது மார்பில் வாய் வைக்கவில்லை என்றால் மட்டும் மார்பின் பக்கம் தேடலாம்.

அறிகுறி: மடியில் மறுக்கிறது, ஃபுட்பால் ஹோல்டில் குடிக்கிறது

குழந்தையின் உடம்பில் ஒரு பக்கம் வலிக்கிறது அல்லது இறுக்கமாக இருக்கிறது. இதைத்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் "உரம் விழுந்திருக்கு" என்பார்கள். அவர்கள் கவனிப்பது சரிதான்: குழந்தை ஒரு பக்கம் கழுத்தைத் திருப்பவில்லை, தூக்கினால் அழுகிறது, பால் குடிக்கவில்லை. அடுத்து அவர்கள் செய்யும் வைத்தியம்தான் ஆபத்து. புடவையில் போட்டு உருட்டுவது, முறத்தில் வைத்துக் குலுக்குவது, கழுத்தைப் பிடித்துச் சொடக்கு எடுப்பது எதுவும் வேண்டாம். தலை நிற்காத குழந்தையின் கழுத்து அதைத் தாங்காது. எலும்பில் விரிசல் இருந்தால் அது இன்னும் மோசமாகும்.

என்ன காரணம் என்று நீங்களே ஓரளவு பார்க்கலாம். குழந்தையை மல்லாக்கப் போட்டு, சட்டையைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் இரண்டு நிமிடம் பாருங்கள்.

தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் தலை ஒரே பக்கம் திரும்பியிருக்கிறதா? தலை ஒரு தோள் பக்கம் சாய்ந்து, முகவாய் மறு பக்கம் பார்க்கிறதா? கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுகியிருக்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் அந்தத் தசையில் சிறு கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்படுவதும் உண்டு. குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்புவார். சீக்கிரம் தொடங்கினால் வீட்டில் செய்யும் சின்னச் சின்னப் பயிற்சிகளிலேயே பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரியாகிவிடும். தள்ளிப்போட்டால் தலையின் ஒரு பக்கம் தட்டையாகும்.

இரண்டு கையையும் ஒரே அளவு வீசுகிறதா? ஒரு கையை மட்டும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, சட்டை மாட்ட அந்தக் கையைத் தூக்கினால் அழுதால், பிரசவத்தில் கழுத்துப்பட்டை எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம். பெரிய குழந்தை, தோள் மாட்டிக்கொண்ட பிரசவம் என்றால் இந்தச் சந்தேகம் கூடுதல். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாகக் கூடிவிடும். அதுவரை அந்தத் தோள் கீழே வராத பிடியில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தலையில் ஒரு பக்கம் மெத்தென்று வீங்கியிருக்கிறதா? வேக்யூம், ஃபோர்செப்ஸ் வைத்து எடுத்த குழந்தைகளிடம் இதைப் பார்க்கலாம். வீக்கம் வடிய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை உங்கள் உள்ளங்கை அங்கே படாமல் பிடியுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை கூடுதலாக வர வாய்ப்பு இருப்பதால் தோல் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

தொடையில் ஊசி போட்ட இடமும் முதல் இரண்டு நாள் வலிக்கும். பிறந்ததும் போடும் வைட்டமின் கே, ஹெபடைடிஸ் பி ஊசிகள் தொடையில்தான் போடப்படுகின்றன. இது தானாகச் சரியாகும்.

இனி, ஃபுட்பால் ஹோல்டு ஒழுங்காக வருவதற்குச் சில விவரங்கள். இது சரியாக வராததால்தான் பலர் ஒரு நாளிலேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ ஒற்றை அறை வீட்டில், சுவரில் சாய்ந்து தரையில் கால் நீட்டித்தான் பெரும்பாலும் பால் கொடுக்கிறோம். அப்படி உட்கார்ந்தால் குழந்தையின் கால் சுவரில் முட்டும். முட்டியதும் அது உதைத்துத் தன்னைப் பின்னால் தள்ளிக்கொள்ளும், முதுகு வளையும், வாய் மார்பை விட்டு விலகும். பார்ப்பவருக்கு அது மறுப்பாகத் தெரியும். முதுகுக்கு ஒரு தடித்த தலையணை கொடுத்து, சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் உட்காருங்கள். கட்டில் ஓரமோ கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலியோ இன்னும் வசதி.

இடுப்போரம் இரண்டு தலையணை அடுக்கி, குழந்தையின் மூக்கு காம்பு உயரத்துக்கு வர வேண்டும். நீங்கள் குனிந்து மார்பைக் கொண்டுபோகாதீர்கள், குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் உள்ளங்கை குழந்தையின் இரு தோள்பட்டைக்கு நடுவே இருக்கட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு காதுக்கும் கீழே. பின்னந்தலையைத் தள்ளாதீர்கள், தள்ளினால் முகவாய் நெஞ்சில் அமுங்கி வாய் திறக்காது, குழந்தை எதிர்த்துத் தலையைப் பின்னால் தள்ளும்.

காம்பால் மேலுதட்டைத் தொட்டு, வாய் கொட்டாவி விடும் அளவுக்குத் திறக்கும்வரை காத்திருங்கள். திறந்ததும் கீழ்த்தாடை முதலில் மார்பில் பதியும்படி சட்டென்று அணைத்துக்கொள்ளுங்கள். பிடிப்பு சரியாக இருந்தால் கீழுதடு வெளியே மடங்கியிருக்கும், முகவாய் மார்பில் புதைந்திருக்கும், மூக்கு விலகியிருக்கும், காம்பைச் சுற்றிய கறுப்பு வட்டம் மேல்பக்கம் அதிகமாகவும் கீழ்ப்பக்கம் குறைவாகவும் தெரியும். கன்னம் குழி விழக் கூடாது, சொடக்குச் சத்தம் வரக் கூடாது. குடித்து முடித்ததும் காம்பு நசுங்கிச் சரிவாக வெளியே வந்தால், குழந்தை காம்பை மட்டும் சப்பியிருக்கிறது என்று அர்த்தம்.

தையல் வலியால் உட்கார முடியாதவர்கள் படுத்துக்கொண்டே இதைச் செய்யலாம். இடது மார்பை விரும்பும் குழந்தை என்றால், நீங்கள் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முதலில் கீழே உள்ள இடது மார்பைக் கொடுங்கள். பிறகு குழந்தையை அசைக்காமல், நீங்கள் மட்டும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து மேலே உள்ள வலது மார்பைக் கொடுங்கள். குழந்தை ஒரே பக்கம்தான் படுத்திருக்கும், மார்பு மட்டும் மாறும். இன்னொரு வழி, சாய்ந்து படுத்துக் குழந்தையை உங்கள் நெஞ்சின் மேல் குப்புறப் போடுவது. இதில் எந்தப் பக்கமும் அழுந்தாது.

இரண்டு மூன்று வாரம் இப்படியே கொடுத்துவிட்டு, மெல்ல மெல்ல மடிப் பிடிக்குத் திருப்புங்கள். அவசரமில்லை.

அறிகுறி: எந்தப் பிடியிலும் வாயில் பிடிக்க முடியாமல் நழுவி அழுகிறது

அந்த மார்பு கட்டியிருக்கிறதா, காம்பு உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை பால் இறங்கும்போது மார்பு கல்லாக இறுகும். குழந்தை மறுக்கும் பக்கம் பால் வெளியேறாததால் அங்கே இறுக்கம் கூடும். இறுக்கம் கூடினால் காம்பு தட்டையாகும், தட்டையானால் இன்னும் மறுக்கும். இந்தச் சுழலை உடைக்க மார்பு முழுவதையும் பிசைய வேண்டியதில்லை. காம்பின் அடியை மட்டும் இளக்கினால் போதும். இரண்டு கை விரல் நுனிகளையும் காம்பின் அடியைச் சுற்றி வைத்து, நெஞ்செலும்பை நோக்கி உள்பக்கமாக ஒரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். விரல் வைத்த இடம் பள்ளமாகி இளகும். விரலை இடம் மாற்றி இன்னொரு நிமிடம். உடனே குழந்தையை வையுங்கள், தாமதித்தால் மறுபடி இறுகிவிடும். கொடுக்கும் முன் இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான துணி, கொடுத்த பின் குளிர்ந்த துணி. மாலிஷ் பாய் எண்ணெய் தடவி அழுத்தி உருவ வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீங்கிய திசுவை அழுத்தி உருவினால் வீக்கமும் வலியும் கூடும்.

காம்பு பிறப்பிலேயே ஒரு பக்கம் தட்டையாகவோ உள்ளிழுத்தோ இருந்தால், நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் காலங்காலமாகச் செய்யும் சிரிஞ்ச் முறை இருக்கிறது. மெடிக்கலில் 10 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள், காம்பு பெரிதென்றால் 20 மில்லி. ஊசியை எறிந்துவிட்டு, ஊசி மாட்டும் முனையை பிளேடால் வெட்டி எடுங்கள். உள்ளே இருக்கும் தண்டை உருவி, வெட்டிய பக்கத்திலிருந்து திருப்பி நுழையுங்கள். வெட்டாத வழவழப்பான விளிம்புதான் மார்பில் பட வேண்டும். வெட்டிய முனை பட்டால் தோல் கிழியும். காம்பின் மேல் விளிம்பை வைத்து, வலிக்காத அளவுக்குத் தண்டை மெல்ல இழுத்து 30 விநாடி முதல் ஒரு நிமிடம் வரை பிடியுங்கள். எடுக்கும்போது தண்டை முதலில் உள்ளே தள்ளி இழுப்பைத் தளர்த்திவிட்டு எடுங்கள். ஒவ்வொரு வேளையும் பால் கொடுக்கும் முன் செய்யலாம். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்தால் அதே சிரிஞ்ச் சில நாள் வரும்.

அறிகுறி: பிடிக்கிறது, கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டுக் கத்துகிறது

எப்போது விடுகிறது என்று பாருங்கள்.

பால் பீறிட ஆரம்பித்ததும் இருமி, புரையேறி, கன்னமெல்லாம் பால் வழிய விலகினால் அந்தப் பக்கம் வேகம் அதிகம். நீங்கள் பின்னால் சாய்ந்து, குழந்தை மேலேயிருந்து குடிக்கும்படி வையுங்கள். முதல் பீறலை ஒரு துணியில் பிடித்துவிட்டு, வேகம் அடங்கியதும் கொடுங்கள். வேகமான பக்கத்தில் பம்ப் போட்டுக் காலி செய்யாதீர்கள், காலி செய்யச் செய்ய இன்னும் அதிகமாகச் சுரக்கும்.

ஒன்றிரண்டு நிமிடம் சப்பி, விழுங்கும் சத்தம் கேட்காமல், காம்பை இழுத்து இழுத்து எரிச்சலோடு விட்டால் அந்தப் பக்கம் வேகம் குறைவு. இரண்டு மார்பும் ஒரே அளவு சுரக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசம் இருக்கும். ஆனால் பால் இறங்கும் உந்துதல் இரண்டு மார்புக்கும் ஒரே சமயத்தில்தான் வருகிறது. ஒரு பக்கம் குடிக்கும்போது மறு பக்கம் ரவிக்கை நனைவது அதனால்தான். அப்படி நனைந்தால், "அந்தப் பக்கம் பால் இல்லை" என்ற பேச்சுக்கு அதுவே பதில். இந்த உந்துதலைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வேகமான பக்கத்தில் தொடங்கி, குழந்தை மடக் மடக்கென்று விழுங்க ஆரம்பித்த உடனே மந்தமான பக்கத்துக்கு மாற்றுங்கள். அங்கே பால் தயாராகச் சொட்டிக்கொண்டிருக்கும். விழுங்குவது நின்றதும், காம்பிலிருந்து தள்ளி மார்பை உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். மறுபடி விழுங்கும். நின்றால் கையை எடுத்து, இடம் மாற்றி அழுத்துங்கள்.

அரைத் தூக்கத்தில் இருக்கும் குழந்தை பக்கம் பார்க்காது. இரவு இரண்டு மணிக்கு, கண் திறப்பதற்கு முன்பே, மறுக்கும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பகலில் தோற்றது பல முறை இரவில் பலிக்கும். அழும் குழந்தையை மட்டும் அந்த மார்பில் திணிக்காதீர்கள். இரண்டு மூன்று முறை திணித்தால் அந்தப் பக்கம் திருப்பினாலே அழப் பழகிவிடும்.

அறிகுறி: நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தது, திடீரென்று ஒரு பக்கம் மறுக்கிறது

மூன்றாம் வாரத்துக்குப் பிறகு வலது மார்பை மடியில் மறுத்தால், முதலில் குழந்தையின் இடது மேற்கையைப் பாருங்கள். பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் சிறு கொப்புளமாகக் கிளம்பும், பழுக்கும், உடையும், தழும்பாகும். முழுதாக ஆற 6 முதல் 12 வாரம் வரை ஆகலாம். வலது மார்பில் மடியில் கிடத்தினால் அந்த இடது கைதான் உங்கள் உடம்புக்கும் தலையணைக்கும் நடுவே அழுந்துகிறது. கொப்புளத்தைப் பிதுக்க வேண்டாம், மருந்து தடவ வேண்டாம். ஃபுட்பால் ஹோல்டுக்கு மாறினால் போதும்.

மூக்கடைப்பு அடுத்த காரணம். அடைத்த மூக்கோடு பக்கவாட்டில் படுத்தால் மூச்சுத் திணறி விலகும். பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு நாசியிலும் ஒரு சொட்டு நேசல் சலைன் (மூக்குக்கான உப்புநீர்ச் சொட்டு மருந்து) விட்டு, இரண்டு நிமிடம் கழித்துக் கொடுங்கள். குளிப்பாட்டியதும் மூக்கில் ஊதுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, சின்ன அறையில் கதவைச் சாத்திவிட்டு சாம்பிராணி போடுவது ஆகிய மூன்றையும் நிறுத்துங்கள். மழைக்காலத்தில் துணி உலராமல் ஈர வாடையடிக்கும் மும்பை வீட்டில் சாம்பிராணி மேல் ஆசை வருவது புரிகிறது. துணிக்குக் காட்டுங்கள், குழந்தை அந்த அறையில் இருக்க வேண்டாம்.

உங்கள் தோளில் ஒரு பக்கம் தைலம் தேய்த்தீர்களா, புது சோப்பு மாற்றினீர்களா? குழந்தை மணத்தை வைத்துத்தான் மார்பைத் தேடுகிறது. வெறும் தண்ணீரில் துடைத்துவிட்டுக் கொடுத்துப் பாருங்கள்.

அந்த மார்பில் ஓரிடம் சிவந்து, சூடாக, தொட்டால் வலித்து, உங்களுக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும் இருந்தால் மார்பு அழற்சி. அப்போது அந்தப் பக்கப் பால் கொஞ்சம் உப்புக் கரிக்கும், குழந்தை அதனாலேயே மறுக்கலாம். அந்தப் பாலால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. கொடுப்பதை நிறுத்தினால்தான் நிலைமை மோசமாகும். குளிர் ஒத்தடம் கொடுத்து, வழக்கம்போலக் கொடுத்துவாருங்கள். 24 மணி நேரத்தில் தணியவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய ஆண்டிபயாடிக் இருக்கிறது, "பால் கொடுக்கிறேன்" என்று சொல்லிக் கேளுங்கள்.

குழந்தை மறுக்கும் மார்பில் கட்டி ஒன்று தென்பட்டு, பால் வெளியேறிய பிறகும் கரையாமல் ஒன்றிரண்டு வாரம் அப்படியே இருந்தால் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பால் கட்டியாகத்தான் இருக்கும். ஆனாலும் பார்க்காமல் விடக் கூடாது.

அறிகுறி: உங்களுக்கே ஒரு பக்கம் கை வரவில்லை

வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு பக்கம் லாவகமாக வரும், மறு பக்கம் குழந்தை தலை ஆடும். சிசேரியன் ஆனவர்களுக்குக் கையில் கேனுலா (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) இருந்த இரண்டு மூன்று நாளில், அந்தக் கையை மடக்க முடியாமல் ஒரே பக்கம் கொடுத்துப் பழகிவிடும். இரண்டுக்கும் மருந்து குறுக்குப் பிடி: வலது மார்பில் கொடுக்க, குழந்தையை இடது கையால் தாங்கி, வலது கையால் மார்பைப் பிடிப்பது. ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் இந்தப் பிடியை ஒவ்வொரு படியாகக் காட்டும் வீடியோக்கள் தமிழிலும் இலவசமாக இருக்கின்றன. கணவரையும் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், தலையணை எங்கே வைக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இதற்கிடையில் அந்தப் பக்கம் வற்றாமல் இருக்க

ஒவ்வொரு மார்பும் தன் கணக்கைத் தனியாக வைத்திருக்கிறது. வெளியேறாத பக்கம் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். எனவே காரணம் சரியாகும்வரை மறுக்கும் பக்கத்தை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவில் ஒரு முறையாவது, கையால் பீய்ச்சி எடுங்கள். முதல் இரண்டு நாள் சீம்பாலுக்குப் பம்ப் வேண்டாம். கெட்டியாகவும் கொஞ்சமாகவும் வருவதால் பம்பின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பிலிருந்து 2 முதல் 3 சென்டிமீட்டர் தள்ளி எதிரெதிரே வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி, விடுங்கள். தோலில் விரல் வழுக்கிக்கொண்டு போகக் கூடாது. ஒரு பக்கம் 10 முதல் 15 நிமிடம். முதல் நாளில் ஒரு ஸ்பூன் வந்தாலே அது ஒரு வேளைக்குப் போதும், ஒரு வேளைக்கு 5 மில்லி என்பது அந்த வயதுக்குக் குறைவல்ல.

எடுத்த பாலைப் பாட்டிலில் கொடுக்க வேண்டாம். ஊரிலிருந்து வந்த பாலாடையோ சங்கோ பையில் இருக்குமே, அதைக் கொதிக்க வைத்து எடுங்கள். குழந்தையை நிமிர்த்தி உட்கார்த்தினாற்போல் பிடித்து, நுனியைக் கீழுதட்டில் வைத்து, அது நக்கி உறிஞ்ச விடுங்கள். வாய்க்குள் ஊற்றக் கூடாது. எடுத்த பால் 25 டிகிரி வரை வெளியில் 4 மணி நேரம் தாங்கும். ஏசி இல்லாத மும்பை அறை மே மாதத்தில் அதைத் தாண்டிவிடும், உடனே ஃபிரிட்ஜின் உள்பக்கத்துத் தட்டில் வையுங்கள். அங்கே 4 நாள் வரை இருக்கலாம், பச்சிளங்குழந்தைக்கு ஒரு நாளுக்குள் கொடுத்துவிடுவது நல்லது.

சர்க்கரைத் தண்ணீர், சேனை, உரை மருந்து, பக்கத்து வீட்டார் கொடுக்கும் "குட்டி" என்ற மூலிகை மருந்து எதுவும் வேண்டாம். ஒவ்வொன்றும் வயிற்றில் இடத்தைப் பிடித்து, மார்பில் குடிக்கும் நேரத்தைத் திருடும். பவுடர் பால் டின்னை மாதிரியாகத் தாயிடம் கொடுப்பது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. எடை உண்மையிலேயே ஏறாமல் டாக்டர் அளவு சொல்லி எழுதினால் மட்டும் கொடுங்கள்.

யாரிடம் காட்டுவது

முயன்றும் மூன்று நாளில் மாற்றமில்லை என்றாலோ, எடை ஏறவில்லை என்றாலோ, காம்பு வெடித்து ரத்தம் வந்தாலோ லேக்டேஷன் கவுன்சலரை, அதாவது தாய்ப்பால் ஆலோசகரைப் பாருங்கள். சயான் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையில்தான் 1989இல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். மும்பையில் தாய்ப்பாலுக்கு உதவி கேட்பது புதிய விஷயமோ வெட்கப்பட வேண்டிய விஷயமோ அல்ல.

போகும்போது குழந்தைக்கு வயிறு நிறையக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். கடைசியாகக் கொடுத்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்படி கிளம்புங்கள். டிஸ்சார்ஜ் காகிதம், எடைக் குறிப்பு, இரண்டு நாளின் டயப்பர் கணக்கு, நீங்கள் செய்த சோதனையில் எந்தப் பிடியில் எந்தப் பக்கம் குடித்தது என்ற விவரம் கையில் இருக்கட்டும். இந்தியோ மராத்தியோ தடுமாறினால் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். "மறுக்கிற பக்கம் ஒரு வேளை முழுசா கொடுக்கிறேன், பக்கத்தில் இருந்து பாருங்க" என்று கேளுங்கள். ஐந்து நிமிடக் கேள்வி பதிலில் தெரியாதது, ஒரு வேளை பால் கொடுப்பதை நேரில் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.